சாவடி தாண்டும் வரை

தூக்கிவிடுவதற்காக இடுப்பில் கை கொடுத்ததுமே உச்சிமாகாளிக்குத் தெரிந்துவிட்டது. சேலைக்கு அடியில் இருந்தது அரிசி.

குற்றாலம் கடைத்தெருவில், அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களெல்லாம் கூடி நிற்க, அந்தப் பெண் தெருவோரம் சுருண்டு கிடந்தாள். பெரிய வயிறு. முகமெல்லாம் வெளிறியிருந்தது. இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. காலையிலிருந்தே சாரல்; அங்கே நனையாதவர்கள் யாருமில்லை.

உச்சிமாகாளியும் ஈரத் தலையோடுதான் நின்றான். செங்கோட்டைச் சாலையில் இருந்த எல்லைச் சாவடியில் அவன் கான்ஸ்டபிள். அன்று அவனுக்கு ஓய்வு நாள். உடம்பில் வேட்டியும் துண்டும்தான். யுத்தம் வந்து அரிசிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து, தென்காசிப் பக்கத்து அரிசி ஒரு படிகூடத் திருவிதாங்கூர் எல்லைக்குள் போகாமல் பார்ப்பது அவன் வேலை. அந்தப் பக்கம் செங்கோட்டையில் ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். பெண்கள் அரிசியைத் துணியில் கட்டி வயிற்றில் சுற்றிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சிகளைப் போலச் சாவடியைக் கடந்தார்கள். துணிக்கு மேலே தொட்டே அதைக் கண்டுபிடிக்க அவன் விரல்கள் பழகியிருந்தன.

போன ஐப்பசியில் முப்பிடாதி என்ற ஒருத்தியை அப்படித்தான் பிடித்தான். எல்லாரும் பார்க்க மூட்டையைக் கிழித்தான். சேற்றில் கொட்டிய அரிசியை அவள் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு கைக்குழந்தை உண்டு என்பதும், அவள் ஜெயிலிலிருந்து வருவதற்குள் பாலில்லாமல் அது செத்துப்போனது என்பதும் பிறகுதான் அவன் காதுக்கு வந்தன. அதன் பிறகு அவனால் நிம்மதியாக உண்ண முடியவில்லை. இலையில் சோற்றைக் கண்டதும் அந்தக் கைகள் ஞாபகத்துக்கு வரும். பாதியில் எழுந்துவிடுவான்.

மங்குஸ்தான் பழம் விற்கும் சைதூன் பீவி கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இது வலிதான், தாமதிக்காமல் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள்.

அதைக் கேட்டதும் அந்தப் பெண் கண்ணைத் திறந்து உச்சிமாகாளியின் கையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரி வேண்டாம் அண்ணாச்சி. என்னயச் செங்கோட்டையில கொண்டு விட்டுருங்க."

வேறென்ன சொல்வாள்? ஆஸ்பத்திரியில் சேலையை அவிழ்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த ஒருத்தியையாவது வீடு சேர்த்துவிடுவது என்று அவன் அந்த இடத்திலேயே முடிவு செய்தான். தனக்குத் தெரிந்த பெண்தான், தாய் வீடு செங்கோட்டை, அங்கே மருத்துவச்சி இருக்கிறாள் என்று கூட்டத்திடம் பொய் சொன்னான். கூட வருகிறேன் என்று எழுந்த சைதூன் பீவியையும் தடுத்துவிட்டான். ஒரு வில்வண்டியைப் பிடித்து அந்தப் பெண்ணை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டான்.

வழியெல்லாம் அவள் விட்டுவிட்டு முனகினாள். வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கெட்டிக்காரிதான், வண்டிக்காரர் முன்னால்கூட வேஷம் கலையாமல் வருகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சாவடியில் ஏசுதாசன் காவலுக்கு நின்றான். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டான். உச்சிமாகாளி சாலையை மறித்திருந்த கம்பத்தைப் பார்த்தான். இதே கம்பத்துக்கு முன்னால் எத்தனை பெண்களை வண்டியிலிருந்து இறக்கியிருக்கிறான்.

"எஞ் சித்தி மவ. வலி எடுத்துட்டு. கம்பத்தத் தூக்குலே."

கூட வேலை பார்க்கிறவன் சொல்லும்போது ஏசுதாசன் என்ன சோதிப்பான்? கம்பம் உயர்ந்தது. தன்னை ஏற்றிவந்தவன் போலீஸ்காரன் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள்.

சாவடி கண்ணுக்கு மறைந்தது. சாலையின் இருபுறமும் வயல். பார்வைக்கு எட்டிய தூரம் வரை ஒரு வீடு கிடையாது. மாதக்கணக்காக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் இளகியதுபோல உச்சிமாகாளிக்கு இருந்தது. முப்பிடாதிக்குச் செய்யாததை இவளுக்காவது செய்தாயிற்று.

வண்டிக்காரருக்குக் கேட்காதபடி அவள் பக்கம் குனிந்தான்.

"சாவடி தாண்டியாச்சு தாயி. இனிமே நடிக்க வேண்டாம். அரிசி இருக்கது எனக்குத் தெரியும். ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்ப அத அவுத்துப் போடுங்க அண்ணாச்சி. புள்ள தல வந்துட்டு."