நுரைக்கூடு

அவள் காகிதக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் கணவன் பேசத் தொடங்கியிருந்தான்.

"சத்தத்தைத் தேடிப் போகாதீங்க. ஈரத்தைத் தேடிப் போங்க. ஈரம் எங்க தங்குதோ, அங்கதான் தவளை குடியிருக்கும்."

பூங்கா வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்.

அது அவள் சொன்னது.

கல்யாணத்துக்கு முன்பு, மலையடிவாரக் குட்டை ஒன்றில் முழங்கால் சேற்றில் நின்றபடி அவனிடம் சொன்னது. அப்போது அவள் விலங்கியல் ஆய்வு மாணவி. அவன் அவளுடைய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவன். தேரை எது, தவளை எது என்று தெரியாதவன்.

பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார்.

"ஒரு வருஷம் நிறுத்தி வை. அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் மகன் கல்லூரிக்குப் போய்விட்டான்.

இன்று கோவையில் அவன் 'தவளை குணசீலன்'. மழை பெய்த வாரமென்றால் ஞாயிறு காலையில் அவன் பின்னால் ஒரு கூட்டம் பூங்காவுக்கு வரும். அவள் பிளாஸ்க்கும் பிஸ்கெட்டும் கொண்டுவருவாள்.

தேநீர் வாங்கிய பெண் கேட்டாள். "நீங்களும் தவளை பாப்பீங்களாக்கா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவன் சிரித்தான். "அவளா? அவளுக்குத் தவளைன்னா பயமுங்க. குளியலறைல ஒண்ணு வந்தாப் போதும், ஊரைக் கூட்டிருவா."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

இன்றைக்கு மரத்தவளை காட்டுவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். தொலைக்காட்சியிலிருந்து ஓர் ஆள் கேமராவோடு வந்திருந்தான். தாமரைக் குளத்தில் பார்த்தார்கள். மூங்கில் புதரில் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கேமராக்காரன் கொட்டாவி விட்டான்.

அவள் கோப்பைகளைப் பொறுக்கியபடி தோட்டக்காரர் கொட்டகைக்குப் பின்னால் வந்திருந்தாள். யாரும் சுத்தம் செய்யாத ஒரு குட்டை. அதன்மேல் தாழ்ந்த புங்கங்கிளை. கிளை நுனியில், அடித்த முட்டையின் வெள்ளைக்கரு போல, மரத்தவளை முட்டையிட்ட ஒரு நுரைக்கூடு.

கூட்டுக்குப் பக்கத்து இலையின் கீழே, கால்களை மடக்கிக்கொண்டு, காய்ந்த சருகின் நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது.

அவள் மூச்சுவிடவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். அவன் தேநீர் கேட்க வந்தவன் போல வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"எங்க இருக்கும்? சீக்கிரம் சொல்லு."

எப்போதும் இப்படித்தான் கேட்பான். எப்போதும் அவள் சொல்லிவிடுவாள்.

போன மழையில் அவள் காட்டிய இடத்தை அவர்கள் மிதித்துத் துவைத்துவிட்டுப் போனார்கள். இன்று சொல்லாமல் விடுவது தவளைக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தவளைக்காக மட்டும் இல்லை.

அவள் கிளையை மறைத்தபடி திரும்பினாள். பூங்காவின் மறுகோடியில் வண்ண விளக்கு போட்ட நீரூற்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி இங்கேவரை அடித்தது. அந்தத் தண்ணீரில் ஒரு புழுகூடப் பிழைக்காது.

"அந்த நீரூற்றுத் தொட்டியிலங்க" என்றாள். "உள்ள இறங்கி, ஓரமா கைவிட்டுப் பாருங்க. கேமராவையும் கூட்டிட்டுப் போங்க."

அவன் மறுகேள்வி கேட்கவில்லை. தவளை விஷயத்தில் அவள் சொல்லை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"வாங்க, வாங்க, சத்தம் போடாம வாங்க."

கூட்டம் அவன் பின்னால் ஓடியது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு குட்டையோரம் குந்தினாள். முழங்கால் வலித்தது.

நுரை அடியில் இளகத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து வால் முளைத்த ஒரு துளி நழுவி, குட்டைக்குள் விழுந்தது. விழுந்ததும் நீந்தியது.

தூரத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

மறுபடியும் கூப்பிட்டான். இந்தமுறை குரல் உயர்ந்திருந்தது.

அவள் அடுத்த துளிக்காகக் காத்திருந்தாள்.