இந்திய ஜெர்சி

"பீம், இத கேக்குற எடம் இது இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா டெல்லிக்கு இன்னைக்கே பதில் சொல்லியாகணும்."

பிணவறைக்கு எதிரே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார் பொன்ராஜ். அவன் ஆடும் கிளப்பின் மேனேஜர்.

அவன் நிமிரவில்லை. உள்ளே தம்பி சின்னா கிடந்தான். காலை ஷிப்டுக்குப் போகும்போது மணலி ரோட்டில் ஒரு டேங்கர் லாரி பைக்கோடு சேர்த்து அடித்துப் போட்டுவிட்டது. ஓடி வந்து அடையாளம் காட்டியவன் அண்ணன்தான்.

ஸ்டிரைக்கர் பீம்ராவ் என்றால் கால்பந்து பார்க்கிறவர்கள் மத்தியில் தனி மரியாதை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மைதானத்தில் வெறுங்காலோடு ஆடத் தொடங்கி, சென்னை லீக்கில் கோல் மேல் கோலாகப் போட்டு, கொல்கத்தா வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்த கால்கள் அவை. நேற்று மாலைதான் டெல்லியில் நடக்கும் இந்திய அணி முகாமுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. சேதி கேட்டதும் தம்பி மாடிப்படியில் நின்று சரவெடி கொளுத்தினான். பிளாக் முழுக்கக் கேசரி கொடுத்தான்.

"என்னால வர முடியாது சார்."

"துக்கத்துல முடிவெடுக்காதப்பா. காரியம் எல்லாம் முடிச்சிட்டே கிளம்பு, நான் பேசிக்கிறேன். நம்ம பக்கத்துல இருந்து ஒரு ஸ்டிரைக்கர அங்க கூப்பிட்டு எத்தன வருஷமாச்சு! உனக்கு இன்னும் வயசு இருக்கு."

அவன் உதட்டைக் கோணிச் சிரித்தான்.

"வயச வுடு சார்."

"சரி, உன் தம்பிய நெனச்சுப் பாரு. நீ அந்த ஜெர்சியப் போட்டா அவனவிட யாரு சந்தோஷப்படப் போறாங்க?"

உள்ளே தம்பி அப்படிக் கிடக்கும்போதும் அந்த நீல ஜெர்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது. போக வேண்டும் என்ற ஆசை இன்னும் சாகாமல் இருப்பதை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

சுவரோரம் சாய்ந்திருந்த அன்புக்கரசி எழுந்து வந்தாள். தம்பியின் மனைவி. நிறைமாதம். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"மாமா, நீங்க டெல்லிக்குப் போங்க. எனக்காவ வுட்றாதீங்க."

"நீ போய் ஒக்காரும்மா."

"நான் எப்புடினா பொழச்சிக்குவேன். எக்ஸ்போர்ட்டுல தையல் வேல கெடைக்கும். இதுக்காவ எவ்ளோ ஓடிகிறீங்க நீங்க! அவரு இருந்தாலும் போன்னுதான் சொல்லுவாரு."

"சொல்லுவான். நான் கேட்டு அவன் எதத்தான் இல்லன்னான்?" அவன் குரல் உடைந்தது. "யூனியன்காரரு இன்னா சொன்னாரு? அவன் பர்மனெண்ட் ஆளு, பொஞ்சாதிக்குக் கம்பெனில வேல வாங்கித் தரேன்னாரா இல்லியா? அத வுட்டுட்டுக் கைக்கொழந்தையோட தையல் மிசினு மிதிக்கப் போறியா?"

"அது கெடைக்கணும்னா நீங்க..."

மேலே சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்ராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு வேல கிடைக்கிறதுக்கும் நீ டெல்லி போறதுக்கும் என்னப்பா சம்பந்தம்? நீ ஜெயிச்சு வந்தா இந்தக் குடும்பத்தையே தாங்கலாமே?"

"ஆட்டக்காரன் எவன் சார் கடைசி வரைக்கும் தாங்கினான்? முட்டி போச்சின்னா நீங்களே என்னைத் திரும்பிப் பாக்க மாட்டீங்க."

பொன்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏட்டு வந்தார்.

"போஸ்ட்மார்ட்டத்துக்கு எழுதணும். பாடிக்கு யாருப்பா சொந்தம்?"

"நான்தான் சார். அண்ணன்."

"சின்னா, சின்னான்னு ஆளாளுக்குச் சொல்லிகினு கீறாங்க. அது வூட்ல கூப்புட்ற பேரு. ரெக்கார்டுல இன்னா பேரு?"

அவன் எழுந்து நின்றான். வேண்டாம் என்பதுபோல் அன்புக்கரசி தலையை ஆட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு பிணவறைக் கதவைப் பார்த்தான்.

"சீக்கிரம் சொல்லுப்பா. டாக்டரு வந்துட்டாரு."

"பீம்ராவ்."

"யோவ், அது உன் பேருய்யா!" பொன்ராஜ் பதறிப்போய் ஏட்டின் கையைப் பிடித்தார். "எழுதாதீங்க சார், துக்கத்துல உளர்றான். இவன்தான் பீம்ராவ். பெரிய புட்பால் பிளேயர்."

"என் பேரு நீலமேகம் சார்." அவன் குரலில் நடுக்கம் இல்லை. "சின்னப்பசங்க டீமுக்கு ஆள் எடுக்குறப்ப எனக்கு வயசு தாண்டிப்போச்சு. தம்பி பேர்ல போய் ஆடுனேன். அப்பறம் மாத்தவே முடியல. நான் கோல் போட்டா கேலரியே அவன் பேரத்தான் கத்தும். அவன் நடுவுல ஒக்காந்து சிரிச்சுகினு இருப்பான். இப்ப சாவு சர்டிபிகேட்டுல அந்தப் பேரு இல்லாங்காட்டி அவன் பொஞ்சாதிக்கு வேல கெடைக்காது."

ஏட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

பொன்ராஜ் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப டெல்லிக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?"

"பீம்ராவ் செத்துட்டான்னு சொல்லுங்க, சார்."