யார் கூப்பிட்டது?

கடைசி வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்குள் நுழைந்தபோது யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

"கல்யாணம்!"

பெண் குரல். கேலரிப் பக்கமிருந்து வந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

தஞ்சாவூரில் மாநிலப் போட்டி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் வருகிறவன் மட்டும்தான் தேசியப் போட்டிக்குப் போவான். இரண்டாவது வந்தால் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு எங்கள் ஊர் சீர்காழிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

என் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது அப்பாவைப் பெற்றவரின் பெயர். நான் பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார், பெயர் மட்டும் என் தலையில் விழுந்தது. இந்தக் காலத்துப் பையனுக்கு இப்படி ஒரு பெயர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் என்ன பாடு படுவான் என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. "கல்யாணத்துக்கு எப்பப்பா கல்யாணம்?" என்று கேட்காத வாத்தியார் எங்கள் பள்ளியில் கிடையாது. நான் ஓடும்போது பசங்கள் "கல்யாணம்! கல்யாணம்!" என்று கத்துவார்கள். விவரம் தெரியாதவர்கள் மேளக்காரரைத் தேடுவார்கள்.

அதனால் என் பெயரைக் கத்தும் குரல்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. பசங்களின் குரல், பி.டி. சாரின் குரல், அப்பாவின் குரல்.

இது அதில் எதுவும் இல்லை. ஆனால் தெரியாத குரல் என்றும் சொல்ல முடியவில்லை. நன்றாகத் தெரிந்த யாரோ, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னது போல இருந்தது.

யார்?

திரும்பினேன்.

ஓட்டத்தில் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. தோள் திரும்பியது, கால் தடுமாறியது. வலப்பக்கத்தில் யூனுஸ் இருந்தான். அடுத்த நொடி அங்கே அவன் முதுகுதான் இருந்தது.

வேதாரண்யத்துப் பையன், உப்பளத்து வரப்பில் ஓடிப் பழகியவன். ஆரம்பத்திலிருந்து அவன்தான் முன்னால் ஓடினான். மூன்றாவது சுற்றில் இதே கேலரிக்கு எதிரே என்னவோ சட்டென்று தலையைத் திருப்பினான், வேகம் குறைந்தது, நான் தாண்டிவிட்டேன். 'மடையா, ஓடும்போது என்னடா வேடிக்கை' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இப்போது அவன் நெஞ்சு கோட்டைத் தொட்டது. பிறகு என்னுடையது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். பி.டி. சார் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. கூப்பிட்டது யார்? ஆள் கிடைத்தால் கேட்கிற கேள்வியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

நேராகக் கேலரிக்குப் போனேன். முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

"யாருப்பா கூப்பிட்டது?"

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார், கூட வாழ்ந்தவளை இன்றைக்குத்தான் பார்ப்பது மாதிரி.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. அவர் செத்துப்போனாலும் கூடாது, பெற்ற பிள்ளைக்கு அதே பெயர் இருந்தாலும் கூடாது. நான் பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு 'தம்பி'தான். ஊரில் நடக்கும் கல்யாணம்கூட அம்மாவுக்கு 'விசேஷம்'தான். என் பெயர் அம்மாவின் வாயில் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே அன்றுவரை தெரியாது.

"அந்தப் புள்ள வெளிப்பக்கமா ஏறி வருது, நீ பாக்கவே இல்லடா" என்றாள். "தம்பின்னா நீ எங்க திரும்புற? மூணாவது சுத்துல 'தம்பி, தம்பி'ன்னு தொண்ட கிழியக் கத்துறேன், அந்தப் புள்ள திரும்புது, நீ திரும்பல. அதான்… பேரச் சொல்லிட்டேன். சொல்லக்கூடாதத சொன்னேன்ல, அதான் போச்சு."

எனக்குக் கைகொடுக்க வந்த யூனுஸ் பின்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்கதானாம்மா அது? எங்கம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

அவனுடன் யாரும் வந்திருக்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் முன்னால் போனதும் அம்மாவின் குரலால், பின்னால் போனதும் அம்மாவின் குரலால். இதில் யாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்வது? கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தேசியப் போட்டி கையைவிட்டுப் போயிருந்தது. அழுகை முட்டியது. திட்டத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"இன்னொரு தடவ கூப்பிடும்மா."

அம்மா மறுபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா மைதானத்தைப் பார்த்தார்.

பரிசு வாங்க வரும்படி மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார்கள். யூனுஸ் என் முதுகில் தட்டினான்.

நான் நகரவில்லை. அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.