ஈராவின் பதில்

"என்னை விட்டுவிட்டுப் போகாதே, ஈரா" என்று அவன் கெஞ்சினான். ஈரா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நொடி கதவு மூடியிருந்தது.

தீபன் முன்னால் சாய்ந்தான். விண்கலம் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியபோது, சின்ன வட்டச் சன்னலில் ஈராவின் முகம் மட்டும் தெரிந்தது. முடி கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. பிறகு திரை இருண்டு பெயர்கள் ஓடத் தொடங்கின.

'சனிக்கோட்டை' படவரிசையின் ஏழாம் பாகம், கடைசிப் பாகம், அவ்வளவுதான்.

"சூப்பர்லா!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து ரூபேந்திரன் எழுந்தான். "கோட்டை வெடிச்சுது பாரு, என் சீட்டே ஆடிப்போச்சு."

"அவ டோரன விட்டுட்டுப் போயிட்டாடா."

"போனா போறா. ஒரு கை இரும்பு, ஒரு காலு இரும்பு. நம்ம ஊரு தம்போய் மழையில நின்னா துரு பிடிச்சிரும். அவன வச்சு அவ என்ன பண்ணுவா?"

தீபன் சிரிக்கவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகும் அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சாவியை விரலில் சுழற்றியபடி ரூபேந்திரனின் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"நாலாவது பாகத்துல அவன் கைய மீட்க நெருப்புக்குள்ள போனா. அஞ்சாவதுல அவனுக்காகத் தன் படையையே எதிர்த்தா. ஆறு பாகமும் ரெண்டு பேரும் விரல்கூடத் தொட்டுக்கல. ஆனா பாக்குற நமக்கே தெரியும் அது என்னன்னு. அப்படிப்பட்டவ பதில்கூட சொல்லாமப் போவாளா?"

"கேள்விய என்கிட்ட கேளு. நல்லா பதில் சொல்லுவேன்."

"படம் எடுத்தவனுக்குக் கவனமே இல்லடா. டோரன் கெஞ்சறப்ப அவ தலையில ஹெல்மட் இருந்துச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சன்னல்ல நிக்கிறா, ஹெல்மட்டக் காணோம். எவ்ளோ கோடி செலவு பண்றானுங்க, இதப் பாக்க ஒரு ஆள் இல்ல."

"டேய், படம்டா அது. உன் கல்யாணமா?" ரூபேந்திரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கல்யாணம்தான். அது ரூபேந்திரனுக்குத் தெரியாது.

பள்ளிக்கூட நாளிலிருந்து தீபனும் லோஷினியும் இந்தப் படவரிசைக்குப் பைத்தியம். ஆறு பாகங்களையும் இதே திரையரங்கில் சேர்ந்து பார்த்தவர்கள். இப்போது அவளுக்கு எல்லை தாண்டி சிங்கப்பூரில் வேலை. போன வாரம்தான், பல வருடம் மனசில் வைத்திருந்ததை தீபன் அவளிடம் கேட்டுவிட்டான். அவள் பதில் சொல்லாமல் பேருந்தில் ஏறிப் போனாள்.

நேற்று போன் செய்தாள். "வாயால சொல்ல வரலடா. இங்க படம் முன்னாடியே ரிலீஸ், நான் பாத்துட்டேன். கடைசியில டோரன் கேக்கறப்ப ஈரா என்ன பண்ணாளோ, அதான் என் பதில். நாளைக்குப் பாத்துட்டு வா, சாயங்காலம் மாமாக் டீக்கடையில சந்திக்கலாம்."

பார்த்தாகிவிட்டது. கதவு மூடிவிட்டது.

தீபன் அம்மாவுக்குப் போன் செய்தான். பெக்கான் நானாஸிலிருந்து வந்த சம்பந்தத்துக்கு இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா காலையில்கூடக் கேட்டிருந்தார்.

"அம்மா, அவங்ககிட்ட சரின்னு சொல்லிடுங்க."

"நெசமாவாடா? பொண்ணு போட்டோவப் பாக்கவே மாட்டேன்ன?"

"சொல்லிடுங்கம்மா."

"சனியப் போய் தியேட்டர்ல காசு குடுத்துப் பாக்குறியேன்னு காலையில திட்டினேன். பாத்ததும் நல்ல புத்தி வந்துருச்சு பாரு." அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "தீபா, வாக்கு குடுத்துட்டா நான் மாத்திப் பேசமாட்டேன். பொம்பளப் புள்ள விஷயம்."

"மாத்தமாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் அம்மாவே திரும்ப அழைத்தார். "பேசிட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். அந்தப் பொண்ணு அழுதே போச்சாம்."

அவன் மாமாக் கடைக்கு நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், வேறு மேசைக்கு மாறினான். கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்தது. சாலைக்கு அப்பால் ஒவ்வொரு பேருந்தும் நின்று போகும்போது, அதில் அவள் வந்திருக்கக் கூடாது என்றும் வந்திருக்க வேண்டும் என்றும் ஒரே மூச்சில் நினைத்தான்.

லோஷினி வந்தாள். புதுச் சுடிதார், காதில் தொங்கட்டான், முகம் நிறையச் சிரிப்பு. ஒருத்தனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எப்படி இவளால் இவ்வளவு அழகாகச் சிரிக்க முடிகிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நான் சொன்ன பதில் பிடிக்கலையா?"

"பரவால்ல லோஷினி. உன் மேல கோவமில்ல." மேசையைப் பார்த்தபடியே பேசினான். "பெக்கான் நானாஸ் பொண்ணுக்குச் சரின்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்களும் பேசி வாக்கு குடுத்துட்டாங்க."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னடா சொல்ற? ஈரா என்ன பண்ணா, நீ பாத்தியா இல்லையா?"

"எத்தன தடவ சொல்ல வைப்ப? அவன் கெஞ்சினான். அவ கதவ மூடிட்டுப் போயிட்டா."

"உடனேவா?"

"உடனே."

லோஷினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவில்லை.

"அலமாக், அய்யய்யோ... அவ அவனுக்கு முத்தம் குடுத்து, கூடவே உள்ள இழுத்துக்கிட்டுப் போவாளே, அத இங்க சென்சார்ல வெட்டிட்டாங்களா?"