வரப்பு தாண்டிய பத்துக் கோடிப் பேர்

"பத்துக் கோடிப் பேர், மேடம். அத்தனை பேரும் என் வயலை விட்டுட்டு என் தம்பி வயலுக்கு வேலைக்குப் போயிட்டாங்க. நீங்கதான் கூட்டிட்டு வந்து தரணும்."

வேளாண்மை அதிகாரிக்கு டீ புரையேறியது. காலையிலிருந்து உரப் பாக்கெட் அடுக்கியதில் கருத்துப்போயிருந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்ற பெரிய மீசைக்காரர் முகத்தில் விளையாட்டு துளியும் இல்லை.

"யாருங்கய்யா அந்தப் பத்துக் கோடிப் பேர்?"

"நீங்க கொடுத்த ஆளுங்கதான். உயிர் உரம்! மக்காச்சோளத்துக்குப் போடச் சொல்லிக் கூட்டத்துல கொடுத்தீங்களே. ஒரு கிராமுக்கே பத்துக் கோடி நுண்ணுயிர்னு சொன்னீங்க. நான் குறைச்சுத்தான் கேக்கறேன்."

சொன்னது வாஸ்தவம்தான். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்தும், மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்தும் வேருக்கு ஊட்டும் உயிர்கள் என்று மைக் பிடித்து விளக்கியிருந்தார். அதோடு விட்டாரா? "கூலி கேட்காம ராப்பகலா உழைக்கிற ஆளுங்க" என்று வேறு சேர்த்துச் சொல்லிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மீசைக்காரர் விடுகிறவராக இல்லை. வேறு வழியில்லாமல் அதிகாரி ஜீப்பை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

ஒரே நிலம், நடுவில் ஒரு வரப்பு. மேட்டில் இருந்த அண்ணன் வயலில் கதிர்கள் பொக்கை வாயாக இளித்தன. பள்ளத்தில் இருந்த தம்பி வயலில் ஒவ்வொரு கதிரும் மணி கொள்ளாமல் பிதுங்கியது. தம்பி அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மோட்டார் சுவிட்சை யார் அணைப்பது என்று ஆரம்பித்த சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷக் கணக்காகிவிட்டது.

"மழைத் தண்ணியோட பள்ளத்துக்கு இறங்கிப் போயிட்டாங்கன்னு அவன்கிட்டச் சொல்லுங்க மேடம்" என்றார் அண்ணன், தம்பிக்கு நன்றாகவே கேட்கும்படி.

"அவரு ஆளுங்க எனக்கெதுக்கு? நானும் போட்டேன், என்கிட்டச் சொந்தமா ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லுங்க மேடம்."

அதிகாரி நடுவரப்பில் நின்று இருபுறமும் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்தார். "ரெண்டு பேரும் போட்டிருந்தா எது யாருதுன்னு நான் எப்படிங்க சொல்றது?"

"என்னோடது நல்ல உழைப்பாளிங்க மேடம். பார்த்தாலே தெரியும்."

"அப்புறம் ஏன் ஓடி வந்தாங்களாம்? பட்டினி போட்டிருப்பாரு."

"டேய், வண்டி வண்டியா எரு கொட்டினேண்டா!"

நடுவில் 'மேடம்' வராமல் போனதை அதிகாரி கவனித்தார். இப்படியே விட்டால் பொழுது சாய்ந்துவிடும் என்று கேள்வியை மாற்றினார். "சரி, பாக்கெட்டுக்குள்ள பொடி என்ன நிறத்துல இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி" என்றார் அண்ணன், சட்டென்று.

தம்பி திரும்பினார். ஒரு விநாடி யோசித்தார். "ஆமா மேடம், வெள்ளைதான். அண்ணன் சொல்றது சரி."

அண்ணன் மீசை லேசாக ஆடியது. அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

"உன் ஆளுங்க வந்தா வந்துட்டுப் போகட்டும். நான் என்ன விரட்டவா போறேன்? சாயங்காலம் அனுப்பி வச்சுடறேன்" என்றார் தம்பி, நேராக அண்ணனைப் பார்த்து.

"அனுப்பினா? வழி தெரிய வேண்டாமா? அதுங்களுக்குக் கண்ணா இருக்கு?"

"அப்ப நீயே வந்து கூட்டிட்டுப் போ. வாரத்துக்கு ஒரு தடவை வா, போதும்."

"தினம் வருவேண்டா. யாரு கேக்கறது?"

கொஞ்ச நேரத்தில் தம்பி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துண்டை உதறிப் போட்டுப் பக்கத்தில் இடம் வேறு விட்டார். நுண்ணுயிர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று அடுத்த தகராறு தொடங்கியது.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணனை மட்டும் ஜீப் பக்கம் ஓரங்கட்டினார்.

"என்னங்கய்யா நினைச்சுட்டிருக்கீங்க? நாங்க கொடுத்த பொடி கரிக்கட்டை மாதிரி கருப்பு! நீங்க அந்தப் பாக்கெட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல. போட்டிருந்தா உங்க கதிர் இன்னும் நல்லா மணி பிடிச்சிருக்கும். ஆளே அனுப்பாம ஆளு ஓடிப்போச்சுன்னு புகார் கொடுக்க வந்துட்டீங்க!"

"ஆமா மேடம், பிரிக்கல."

"உங்க தம்பியும் பிரிக்கல! மழையில உங்க எரு பள்ளத்துக்கு இறங்கித்தான் அவர் கதிர் அப்படி விளைஞ்சிருக்கு. அவரும் வெள்ளைன்னு வாய் கூசாமச் சொல்றாரு. இருங்க, இப்பவே அவரைக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கேக்கறேன்."

மீசைக்காரர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மெதுவா மேடம், மெதுவா. அவன் இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்கான்."