ஈயக்கட்டி

லேத் பட்டறையில் குழாயின் உட்புறத்தைக் கடையும்போது, ஆழமாகப் போனதும் வெட்டுமுனையைப் பிடித்திருக்கும் இரும்புத்தண்டு நடுங்கி அலறும். அந்த நடுக்கத்தில் இரண்டு குழாய்கள் வீணாகிவிட்டன, மிச்சம் ஒன்றுதான். பட்டறையின் பொறியாளர் பூங்கோதை வடிவமைத்த புதுத் தண்டின் வயிற்றில் ஓர் ஈயக்கட்டி எண்ணெய்க்குள் கிடந்தது. தண்டு இடப்பக்கம் நடுங்கினால் அது வலப்பக்கம் சாய்ந்து நடுக்கத்தை அடக்கும். கருப்பண்ணன் லேத்தை ஓட்டினார். தண்டு உள்ளே போனது. அலறலுக்குப் பழகிய அவர் காதில் எதுவுமே விழவில்லை.

“கரண்ட் போயிருச்சா அம்மணி?” என்று கத்தினார்.

“ஓடிட்டுத்தான் இருக்குதுங்ணா.”

குழாயின் வாயிலிருந்து நீல இரும்புச் சுருள்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. இருபது வருடமாகக் கத்தியே பேசி வந்தவர் லேத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பூங்கோதை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“மெல்லப் பேசு அம்மணி,” என்று கிசுகிசுத்தார்.