பங்காளி வீடு

கதவு திறந்துதான் கிடந்தது.

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. குடியாத்தத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவன், வழி முழுக்கப் பூட்டிய கதவையே நினைத்துக்கொண்டு வந்தான். நாய்களை. வாசலில் நிற்கும் ஆட்களை.

யாரும் இல்லை. நண்பகல் வெயில் மட்டும் முற்றத்தில்.

கூடத்து நாற்காலியில் ஒரு கிழவர். வாதத்தில் விழுந்த வலது கை மடியில் கிடந்தது.

திம்மப்பா. அப்பாவின் தம்பி. பாகத் தகராறில், கடலைக் காட்டு வரப்பில் வைத்து அப்பாவை வெட்டியவர்.

அப்போது அவனுக்கு இரண்டு வயது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கடப்பா தாண்டி, சித்தூர் தாண்டி ஓடினாள். பள்ளியில் குமரேசன் என்று சேர்த்தாள். அப்பா காய்ச்சலில் போனார் என்றாள். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

பைக்குள் கையை விட்டான். துண்டில் சுற்றிய அரிவாள். உள்ளங்கை வியர்வையில் பிடி வழுக்கியது.

கிழவர் நிமிர்ந்தார். உற்றுப் பார்த்தார்.

“ஓபுலேசு.”

அது அவனுடைய பெயர்தான். அம்மா சொல்லி, அவனுக்கே ஒரு மாதமாகத்தான் தெரியும். நினைவு தெரிந்து அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்ட முதல் ஆள் இவர்.

“அப்படியே அண்ணன் ஜாடை,” என்றார் தெலுங்கில். “எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”



உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை.

“யாரு மாமா?”

“எங்க அண்ணன் மகன்.”

கிழவர் இடது கையால் வாசலைக் காட்டினார்.

“நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டு வாம்மா. மெதுவா வா.”

பேசியது மருமகளிடம். கண் அவனுடைய பையை விட்டு நகரவில்லை.

அவனுக்குப் புரிந்தது. வெட்டு விழுமுன் கிழவர் வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்புகிறார்.

“இந்த வெயில்லயா? வந்தவருக்கு ஒரு வாய் சோறு போட வேணாமா?”

“போன்னா போ!”

அவள் முகம் வாடியது. குழந்தையின் தலைக்கு முந்தானையைப் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

அவன் கை இன்னும் பைக்குள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைகள் துடித்தன.

அவள் வாசலில் ஒரு படி இறங்கினாள்.

இரண்டாவது படி.

குழந்தை அவள் தோளுக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டு போனது.

“வதினா.”

அண்ணி. அந்தச் சொல்லை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்ததில்லை.

அவள் திரும்பினாள்.

“பசிக்குது,” என்றான்.